பதிவு எண் ஒன்று, நாடு அங்கோலா

27 மே, திங்கள்

காலையில் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. ஃபுட் வால்வு போயிருக்கும் என்று தமயந்தி சொன்னாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவள் சொல்லி எது தப்பாகியிருக்கிறது? பிளம்பரை அழைத்தேன். "தோ வரேன் சார்" என்றார். அதாவது வியாழக்கிழமை.

அலுவலகத்தில் புது இயக்குநர் மாளவிகா மேடம் எல்லோரையும் மாடிக் கூடத்துக்கு வரச் சொன்னார். அயலவர் வருகை, தங்கல், வெளியேற்ற இயக்ககம் என்கிற எங்கள் அலுவலகம் ஒரே மாதத்தில் அடியோடு மாறப்போகிறதாம். விசா நீட்டிப்புக்கும் வெளியேறும் அனுமதிக்கும் வந்து நிற்கிறவர்களை இனி விண்ணப்பதாரர் என்று சொல்லக் கூடாது, விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும். பதினேழு படிகளில் நடந்த வேலை இனி மூன்றே படிகளில் நடக்கும். ஒவ்வொரு படிக்குள்ளும் ஒன்பது உட்படிகள். மூவொன்பது இருபத்தேழு என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். நானும் தட்டினேன்.

சீரமைப்புக்குப் பொறுப்பு அதிகாரியாக என் பெயரை வாசித்தார்கள். பிரிவுக் கண்காணிப்பாளர் குருபாதம். இருபத்தொன்பது வருட சர்வீஸில் மேடையில் என் பெயர் ஒலித்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதுவதில் தப்பில்லை.

29 மே, புதன்

பெங்களூரிலிருந்து ஆலோசகர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே அளவு தாடி. யார் யார் என்று இன்னும் பிடிபடவில்லை. நாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு ஒட்டுச் சீட்டில் எழுதச் சொல்லி, சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று இருபத்தேழு சீட்டுகள். 'வருகைப் பதிவு' முதலில், 'வெளியேற்றம்' கடைசியில். இத்தனை வருடம் நாம் செய்த வேலை இவ்வளவுதானா என்று இருந்தது.

30 மே, வியாழன்

பிளம்பர் வரவில்லை.

சுவர் விஷயத்தில் ஒரு சிறு கோளாறு. இரண்டாம் கவுண்டர் உதவியாளர் பெனடிக்டா காலையில் வந்ததும் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியை ஐந்தில் வைத்திருக்கிறாள். இருபத்தேழு சீட்டும் பறந்துவிட்டன. அவள் பயந்துபோய்க் குடிநீர் எடுக்கப் போய்விட்டாள். பெருக்க வந்த பாப்பம்மா எல்லாவற்றையும் பொறுக்கி மறுபடி ஒட்டிவிட்டார்.

"இன்னா சார், அல்லாம் கீழ பறந்து கெடந்துச்சு. மஞ்சாவ மஞ்சாவோட, பச்சைய பச்சையோட, அழகா பிரிச்சு ஒட்டினேன். முன்ன ஒட்டினவன் ஒரு கலர் பார்க்கல, ஒண்ணும் பார்க்கல."

உண்மையில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பத்து மணிக்குத் தாடிக்காரர்கள் அதைப் படமெடுத்து மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பதினொன்றுக்குத்தான் கவனித்தேன். வெளியேற்றம் ஆறாவது படி. மாதிரிப் பதிவை நீக்குதல் ஏழாவது. வருகைச் சான்று சரிபார்த்தல் ஒன்று, பதினான்கு, இருபத்திரண்டு என மூன்று இடத்தில் இருந்தது. சொன்னேன்.

"டிசைன் ஃப்ரீஸ் ஆயிடுச்சு சார்" என்றார் ஒரு தாடி.

"வரிசை தப்பா இருக்கே."

"யூசர்ஸ்தான் சார் ஒட்டியிருக்காங்க. யூசர்ஸ் சொல்றதுதான் எங்களுக்கு வேதம்."

31 மே, வெள்ளி

அந்தப் பெண் தர்சிகா மறுபடி வந்தாள். இவளைப் பற்றி இந்த நாட்குறிப்பில் எழுத வேண்டிய அவசியம் இதுவரை இருந்ததில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமில் பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்தாறு. அப்பா இல்லை. அம்மா மூன்று வருடத்துக்கு முன்பே வவுனியாவுக்குத் திரும்பிவிட்டாள். அதே முகாமில் கூட வளர்ந்த கேதீசன் என்ற பையனும் அங்கே போய் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனுக்கும் இவளுக்கும் கல்யாணம். பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டாள். எங்கள் வெளியேறும் அனுமதி மட்டும்தான் பாக்கி. பதினொரு மாதமாகப் பாக்கி.

காரணம் எளிமையானது. வெளியேறுகிறவர் வந்ததற்கான முத்திரையைக் காட்ட வேண்டும். இவளிடம் முத்திரை இல்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டுகிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்பே இதற்கு நான் ஒரு குறிப்பு எழுதி அனுமதியும் வாங்கியிருக்கிறேன்: 'பிறப்புச் சான்றிதழ் பிறந்ததற்கான சான்றே அன்றி, வந்ததற்கான சான்று ஆகாது.' நல்ல வாக்கியம். இயக்குநர் மேடமே பாராட்டிவிட்டுப் புது மென்பொருளில் அப்படியே சேர்த்துவிட்டார்.

"சார், ஜூன் இருபத்தேழு முகூர்த்தம்" என்றாள். "ரெண்டு தடவை தேதி மாத்தியாச்சு. இதுவும் போச்சுன்னா அவங்க வீட்டுல வேற எடம் பார்த்துடுவாங்க. கேதீசனோட அம்மா ஃபோன்ல நேராவே சொல்லிட்டாங்க."

"புது முறை வருதும்மா. எல்லாம் சுலபமாயிடும்" என்றேன்.

தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் கோப்பு இத்தனை நாளும் என் மேசையில் பத்திரமாகவே இருந்தது.

3 ஜூன், திங்கள்

மென்பொருள் தயார். முதல் மாதிரிப் பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். தாடிகள் 'கந்தசாமி, வயது 99' என்று ஏதோ அடித்தார்கள். நான் தடுத்துவிட்டேன். கற்பனைப் பெயரில் கோப்பு திறக்கக் கூடாது என்று பழைய சுற்றறிக்கை இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் எப்போதுமே புதுப் படிவம் வந்தால் கண்காணிப்பாளர் தன் சொந்த விவரத்தை எழுதித்தான் பார்ப்பது வழக்கம். நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

எனவே என் பெயர், என் முகவரி, என் படம், என் பத்து விரல் ரேகை. நாடு என்ற இடத்தில் பட்டியல் விழுந்தது. அயலவருக்கான படிவம் ஆதலால் அதில் இந்தியா இல்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. பட்டியலில் முதலில் இருந்தது அங்கோலா. அதை அழுத்தினேன். வந்த தேதி கேட்டது. பொய் எழுத எனக்குக் கை வராது. பிறந்த தேதியைப் போட்டேன். அன்றைக்குத்தானே வந்தேன்.

பதிவு எண் 1 கிடைத்தது. பெனடிக்டா கைகுலுக்கினாள்.

4 ஜூன், செவ்வாய்

ஃபுட் வால்வு மாற்றியாகிவிட்டது. இப்போது மோட்டார் ஓடவில்லை.

7 ஜூன், வெள்ளி

புது முறை இன்று தொடங்கியது. வாசலில் வாழை மரம், உள்ளே கோலம். விருந்தினர் காத்திருக்கவே போவதில்லை என்பதால் பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். சிமெண்ட்டில் பதித்த ஒரு பெஞ்சு மட்டும் பெயர்த்தெடுக்க வரவில்லை.

வருகைப்பதிவுக்கு வழக்கம்போலக் கைரேகை வைத்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. 'வருக விருந்தினரே' என்று ஒரு பெண் குரல் சொன்னது. இயந்திரம் டோக்கன் ஒன்றை நீட்டியது. ஊழியர் ரேகையும் விருந்தினர் ரேகையும் இப்போது ஒரே கிடங்கில் இருக்கின்றனவாம். ஒரு விரல் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருக்க முடியாது என்பதால் கடைசியாகப் பதிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிட்டது. பொது அறிவுள்ள இயந்திரம்தான்.

மதியம் செல்பேசிக்கு அறிவிப்பு வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்: 'மதிப்பிற்குரிய அங்கோலா விருந்தினர் குருபாதம் அவர்களுக்கு. தாங்கள் அனுமதியின்றித் தங்கியுள்ள காலம் 57 வருடம் 3 மாதம். 28 ஜூன் மாலை 5 மணிக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் வருகை எங்கள் பாக்கியம்.'

அன்புடன் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான்.

10 ஜூன், திங்கள்

தாடிகளிடம் பேசினேன். மாதிரிப் பதிவை நீக்க வழி இருக்கிறது என்றார்கள். நிம்மதியானேன். ஏழாவது படியில் தானாகவே நீங்கிவிடுமாம். ஆறாவது படி முடிந்ததும்.

"ஆறாவது படி என்ன?"

"வெளியேற்றம் சார். நீங்க நாட்டை விட்டுப் போயிட்டா உங்க ரெக்கார்டு டெலீட் ஆயிடும். அப்புறம் நீங்க தாராளமா இந்தியன்."

"போன பிறகு இந்தியனாகி என்னப்பா பிரயோஜனம்?"

அதை ஒரு ரோஸ் சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

என் அறைக் கதவும் கைரேகைக்குத்தான் திறக்கும். இரண்டாம் கவுண்டருக்குப் போய்ப் பெனடிக்டாவிடம் திறந்துவிடச் சொன்னேன். அவள் என் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள்.

"சார், விருந்தினர் எல்லாம் அந்தப் பக்கம்."

"பெனடிக்டா, நான்மா."

"தெரியுது சார். ஆனா நம்பர் வரலையே."

ஆறு வருடம் நான் பழக்கிய பெண். ஒரு காற்புள்ளி குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவாள். எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

11 ஜூன், செவ்வாய்

வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைக்கிறவர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது விதி. தமயந்தி பெயருக்கு அறிவிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"விருந்தினருக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு கேக்குது. கணவர்னு போட்டுட்டேன். எவ்வளவு நாள் தங்குவார்?"

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறேன்? நடத்தை எப்படின்னு ஒரு கட்டம் இருக்கு. நன்று, பரவாயில்லை, புகார் உண்டு."

பரவாயில்லையில் டிக் அடித்தாள். முப்பது வருடம்! அதற்கப்புறம், அங்கோலாவில் என்ன விசேஷமோ விசாரித்து வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள். காயெல்லாம் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டேனாம். அதற்கும் திட்டு.

12 ஜூன், புதன்

டோக்கன் எண் 58. மாலை வரை 41தான் ஆகியிருந்தது.

சிமெண்ட் பெஞ்சில் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்தில் தர்சிகா. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த டோக்கனை அவள் பார்த்தாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கேட்காமலே பேசினாள்.

"சார், பதினொன்றரைக்கு அந்தப் பக்கம் வெயில் வரும். இப்பவே இந்த ஓரத்துக்கு வந்துடுங்க. சாப்பாட்டுக்குப் போறதா இருந்தா ஒரு மணிக்குப் போகாதீங்க, அப்பதான் நம்பர் கூப்பிடுவாங்க. ஜெராக்ஸ் நாலு எடுத்து வச்சுக்கங்க. மூணு போதும்னு எழுதியிருக்கும். நாலாவது கேப்பாங்க."

நாலாவது நகல் எதற்கு என்று எனக்குத் தெரியும். என் பிரிவில் ஜன்னல் ஆடாமலிருக்க மடித்துச் சொருகுவோம். அதைச் சொல்லவில்லை.

பசிக்கிறதா என்று கேட்டு ஒரு டப்பாவைத் திறந்தாள். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். நன்றாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவள் பங்கில் பாதியைச் சாப்பிட்டுவிட்டேன்.

14 ஜூன், வெள்ளி

இன்று என் எண் வந்தது. பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், மாநகராட்சி முத்திரையோடு இருக்கிறது. பெனடிக்டா வாங்கிப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குரலைச் சீராக்கிக்கொண்டு வாசித்தாள்.

"பிறப்புச் சான்றிதழ் பிறந்ததற்கான சான்றே அன்றி, வந்ததற்கான சான்று ஆகாது."

"அது எனக்கே தெரியும்."

"நீங்கதானே சார் எழுதினது."

"பொறந்தவன் வராம எப்படிம்மா இங்க இருக்க முடியும்?"

அந்தக் கேள்வியை வேறு யாரோ முன்பே கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். தர்சிகா பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். போன ஆகஸ்டில், என் மேசைக்கு முன்னால் நின்று, இதே கேள்வியை இதே குரலில் கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. 'பிறப்பு உங்க சொந்த விஷயம்மா, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை' என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், வேறென்ன எழுதுவது.

18 ஜூன், செவ்வாய்

அங்கோலாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் வந்திருந்தார். நாலு வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் படிக்கிறார். கூடத்துத் திரையில் ஓடும் வெளியேற்றப் பட்டியலில் அங்கோலா என்று என் படத்தோடு வந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சார், நீங்க நம்ம ஊரா? எந்தப் பக்கம்?" என்றார். தமிழ் பிரமாதம். எழும்பூர் பக்கம் என்றேன்.

19 ஜூன், புதன்

மேடம் கூப்பிட்டனுப்பினார். ஜூலை முதல் தேதி அமைச்சர் வருகிறாராம். சீரமைப்புக்குப் பொறுப்பு அதிகாரியே வெளியேற்றப் பட்டியலில் முதல் பெயராக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம்.

"மிஸ்டர் குருபாதம், சிஸ்டத்துல தப்பே இல்ல. அத ஃபர்ஸ்ட் க்ளியரா புரிஞ்சுக்கணும். ஆனா மனிதாபிமானம்னு ஒரு பட்டன் வச்சிருக்கோம். இந்த ட்ரயல் பீரியட் முடியற வரைக்கும் ஒரே ஒரு கேஸுக்கு யூஸ் பண்ணலாம். அதுக்கப்புறம் அக்டோபர்லதான்."

அந்தப் பட்டனை அழுத்தினால் சான்று, முத்திரை எதுவும் கேட்காமல் விருந்தினர் கேட்டதைக் கொடுத்துவிடுமாம். நடைமுறை இப்படி: கண்காணிப்பாளர் பதிவு எண்ணைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், உதவியாளர் அதைத் தட்ட வேண்டும், இயக்குநர் பெருவிரல் வைக்க வேண்டும். நாளைக் காலையில் என் எண்ணைக் கொடுத்துவிடச் சொன்னார். என் எண் ஒன்று. குழப்பத்துக்கே இடமில்லை.

தமயந்தியிடம் சொன்னேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் பூஜையறைக்குப் போனாள். இத்தனை நாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தவள் அழுதிருக்கிறாள் என்பது வெளியே வந்தபோது தெரிந்தது.

20 ஜூன், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் விசாரணைக்கு உதவும்.

மேடம் அமைச்சர் அலுவலகத்தோடு ஃபோனில் இருந்தார். பெனடிக்டா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். நான் சீட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், இந்த நம்பர்தானா?"

"ஆமா."

"இன்னொரு தடவ பார்த்துடுங்க சார்."

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா."

அவள் என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு காற்புள்ளிக்காக ஒரு ஜெர்மன்காரரை ஆறு வாரம் நடக்கவிட்டவள். தட்டினாள். நாலு இலக்கம். ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. மேடம் ஃபோனில் "ஷ்யூர் சார், ஷ்யூர் சார்" என்றபடியே வந்து திரையைப் பார்க்காமல் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார்.

1 என்று எழுதப் போய் 4417 என்று எழுதியிருக்கிறேன். வயதாகிறது. காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா என்பதும் ஞாபகமில்லை. 4417 யாருடையது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

21 ஜூன், வெள்ளி

மேடம் கத்தினார். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். "வேணும்னே பண்ணீங்களா?" என்றார். கை தவறியது என்றேன். "ஒண்ணுக்கும் நாலாயிரத்து நானூத்திப் பதினேழுக்கும் எப்படிங்க கை தவறும்?" என்றார். நியாயமான கேள்விதான். பதினேழில் ஒரு ஒன்று இருக்கிறதே என்றேன். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பெனடிக்டாவுக்கும் விசாரணை உண்டா என்று பயந்தேன். தட்டச்சில் தவறில்லை, கொடுத்த எண்ணைத்தான் தட்டியிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். கெட்டிக்காரி.

வீட்டில் சொன்னேன். தமயந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்புறம், "அந்தப் பொண்ணு சோறு போட்டாள்னீங்களே, அவளா?" என்று மட்டும் கேட்டாள். எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன் என்று மறுபடி விளக்கினேன். "சரி, சரி, புரியுது" என்றாள். இவளுக்கு எதுவுமே புரிவதில்லை.

24 ஜூன், திங்கள்

தர்சிகா அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை விமானத்தில்தான் இடமிருந்தது என்றும், முகாமிலிருந்து யாரோ யாருக்கோ பேசி நாளைக்கே இடம் கிடைத்துவிட்டது என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. மனிதாபிமானப் பட்டனில் அவள் எண் குலுக்கலில் வந்தது என்று பெனடிக்டா சொல்லியிருக்கிறாள். எனக்குக் குலுக்கல் விழவில்லையே என்று தர்சிகாவுக்குத்தான் வருத்தம்.

"உங்களுக்கும் வந்துடும் சார். தினமும் வாங்க. ஒரு நாள்கூட விடாதீங்க. விட்டா ஃபைல் அடியில போயிடும்."

எங்கள் கோப்புகள் எப்படி அடியில் போகும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. கல்யாணம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்து இருபது என்றாள். திடீரென்று குனிந்து காலைத் தொட்டுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டோக்கனைப் பிடித்திருந்த கையாலேயே ஆசீர்வாதம் பண்ணினேன். "நல்லா இரும்மா" என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "ஜெராக்ஸ் நாலு வச்சுக்கம்மா" என்பதுதான்.

25 ஜூன், செவ்வாய்

என் நிலைமையைப் பற்றித் தாடிகள் எழுத்து மூலமாகப் பதில் தந்திருக்கிறார்கள். நான் 28ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும். வெளியேற அனுமதி வேண்டும். அனுமதிக்கு வந்த முத்திரை வேண்டும். அது இல்லாததால் வெளியேற முடியாது. வெளியேறாததால் தங்கவும் கூடாது. ஆகவே தினமும் பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, ஐந்து மணி வரை இருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இருபத்தொன்பது வருடமாக அதைத்தானே செய்கிறேன் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் அந்தப் பெண் இதில் எத்தனை வருடம் இருந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

26 ஜூன், புதன்

குறிப்பாணைக்கு விளக்கம் எழுதினேன். 'கை தவறியது.' வேறு எதுவும் சேர்க்கவில்லை. நாலு நகல் கொடுத்தேன்.

27 ஜூன், வியாழன்

டோக்கன் எண் 23. காலையிலேயே போய்விட்டதால் நல்ல எண். தமயந்தி இன்று வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும் எடுத்து வைத்திருந்தாள். அதைத்தான் உடுத்திக்கொண்டு போனேன்.

பத்து பதினெட்டுக்கு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பத்து பத்தொன்பதுக்கு இரண்டாவது தடவை. விதிப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். பெனடிக்டா மூன்றாவது தடவை மைக்கில் கூப்பிடாமல் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு 'தேநீர் இடைவேளை' பலகையை ஜன்னலில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். தேநீர் இடைவேளை பதினொன்றுக்குத்தான். அவள் சர்வீஸில் ஒரு நிமிடம்கூட முன்னதாக அந்தப் பலகை மாட்டப்பட்டதில்லை.

வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பத்து இருபது ஆயிற்று. வவுனியாவில் கூட்டமாக எழுந்து நிற்கிறார்கள் என்பது போல நான் எழுந்து நின்றேன். அவளும் நின்றாள். எங்களைப் பார்த்து, ஏதோ அழைக்கிறார்கள் என்று நினைத்து, வரிசையிலிருந்த எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

பத்து இருபத்தைந்துக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பலகையை எடுத்தாள். இருபத்துநாலு என்று கூப்பிட்டாள்.

என் முறை போய்விட்டது. நாளை மறுபடி வர வேண்டும்.